துணிக்கிடங்கில் தொடங்கிய ஆராய்ச்சிப் பிரிவு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவர் முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது. நீயும் மருமகளும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. "ஆராய்ச்சிப் பிரிவு என்னம்மா ஆச்சு" என்று போனில் கேட்கிறாய், ஒரு வரியில் சொல்லி முடிகிற கதையா அது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சைக்கென்று ஓர் ஆராய்ச்சிப் பிரிவு வேண்டும் என்று நான் நச்சரித்த நச்சரிப்பில் பல்கலைக்கழகமும் கைகோத்தது, இயக்குநரும் தலையாட்டினார். கொடுத்த இடம் பழைய துணிக்கிடங்கு. ஜன்னலைத் திறந்தால் சலவை இயந்திர இரைச்சல், மூடினால் சோப்பு வாசனை. கூட்டாளி யார் தெரியுமா, கதிரின் அளவைக் கணக்குப் போடுகிற இயற்பியல்காரர், 'அளவுகோல்' என்று நாங்கள் கூப்பிடுவோமே, அவரேதான். எங்கள் இருவருக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம், இப்போது ஒரே மேசையில் எதிரெதிரே. "முதல் சிகிச்சை உங்க ரெண்டு பேருக்கும்தான் தேவை" என்று அப்பா சிரிக்கிறார்.

முதல் ஆய்வு இதுதான். அறுவை சிகிச்சை முடிந்த ஒரு வகை நோயாளிகளுக்கு ஐந்து வாரம் கொடுக்கும் கதிரை மூன்று வாரத்தில் முடித்தாலும் அதே பலன் கிடைக்குமா. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும், எங்கள் விருப்பு வெறுப்பு அதில் நுழையக் கூடாது. நாங்கள் கேட்டுப்பார்த்த நோயாளிகள் எல்லாரும் நழுவினார்கள். மாதக் கடைசிக்குள் ஒருவராவது சேராவிட்டால் அறையைக் கணக்குப் பிரிவுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் இயக்குநர்.

அப்போதுதான் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு பெண் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குமா, அப்புறம் நீங்க எதுக்கு டாக்டர்" என்றார். மனப்பாடம் செய்து வைத்திருந்த பதிலை விட்டுவிட்டேன். "எது நல்லதுன்னு எனக்கே தெரியாதும்மா, தெரிஞ்சா அதையே குடுத்துட மாட்டேனா" என்று சொல்லிவிட்டேன். நோயாளி முன்னால் தெரியாது என்று நான் சொன்னது அதுவே முதல் தடவை. அளவுகோல் திரையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தப் பெண், "தெரியாதுன்னு சொல்ற டாக்டரை இப்பத்தான் பாக்குறேன், என்னைச் சேத்துக்கோங்க" என்றார்.

கம்ப்யூட்டர் அவரை ஐந்து வாரத்தில் போட்டது. சீக்கிரம் வண்டியெடுக்க வேண்டும் என்றிருந்தவர், எனக்கு முகமே செத்துவிட்டது. இப்போதும் விலகிக்கொள்ளலாம், கவனிப்பில் குறை வராது என்றேன். "மூணு வாரக்காரங்களை யாரோட ஒப்பிட்டுப் பாப்பீங்க, இந்தப் பக்கமும் ஆள் வேணும்ல" என்று எழுந்து போய்விட்டார். வெளியே போன அளவுகோல் இரண்டு டீயோடு திரும்பினார், ஒன்று எனக்கு.

அதன்பின் வரிசையாக ஆட்கள் சேருகிறார்கள், அறையும் எங்களுக்கே. முடிவு தெரிய வருஷக்கணக்காகும், அதற்குள் நான் ஓய்வு பெற்றிருப்பேன் என்று நேற்று அலுத்துக்கொண்டேன். "அதனால என்ன, பாதி மேசையை யாருக்கும் விடமாட்டேன், வந்து உக்காருங்க" என்கிறார் அந்த மனுஷன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். கழுத்து வலி என்றாயே, கம்ப்யூட்டரிடம் கேட்காமல் டாக்டரிடம் காட்டு.

என்றும் உன் நினைவோடு,
அம்மா