எரிஞ்ச இடத்தை உள்ளே மடிச்சு வச்சாங்க, நூரு

என் செல்லத் தங்கச்சி நூருக்கு,

நீ போய் எட்டு மாசம் ஆச்சு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு கபர்ஸ்தானுக்கு வந்து நின்னா துஆ மட்டும்தான் வாயில வருது. லாண்ட்ரி பேச்சை அங்க பேச மனசு வரல. அதனாலதான் இந்தக் கடுதாசி. நாலு பேர் படிக்கட்டும்னே எழுதறேன். ஆள் வச்சு வேலை வாங்குற எவனாவது படிச்சுத் திருந்தினா அந்த நன்மை உனக்குச் சேரட்டும்.

உழவர்கரையில நம்ம ஷெட் ஓடிட்டுத்தான் இருக்கு. கடற்கரைப் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்ல இருந்து பெட்ஷீட் மூட்டை மூட்டையா வருது. துவைக்கிறோம், காய வைக்கிறோம், இஸ்திரி போட்டு அனுப்பறோம். ஆனா நீ இல்லாத ஷெட்டுக்குள்ள நுழையறப்போ தினமும் ஒரு நிமிஷம் வாசல்லயே நின்னுடறேன். இது யாருக்கும் தெரியாது.

உனக்கும் எனக்கும் இருந்த ஒரே சண்டை ஞாபகம் இருக்கா? எவளாவது துணியைக் கெடுத்துட்டா நீ அவளைப் பின்னாடி கொடிப் பக்கம் கூட்டிட்டுப் போயிடுவ. காயுற பெட்ஷீட்டுக்கு நடுவுல ரெண்டு பேரும் நிக்கறதே வெளியில தெரியாது. "இப்படி இடம் குடுத்தா தலைமேல ஏறி உக்காந்துக்குவாளுங்க"ன்னு நான் குதிப்பேன். "கத்து, கத்து. உனக்குத் தொண்டைதான் வலிக்கும், வேலை நடக்காது"ன்னுட்டு நீ பாட்டுக்குப் போவ.

நீ போனதும் எல்லாம் என் ராஜ்ஜியம்தானே? வேலைக்கு வர்ற ஏழு பேரையும் சேத்து வாட்ஸ்அப்ல ஒரு குரூப் ஆரம்பிச்சேன். எந்த லோடு எப்ப வருதுன்னு சொல்றதுக்குத்தான். அதோட நிறுத்தியிருக்கலாம். ஒரு நாள் வசந்தி இஸ்திரி போட்ட பெட்ஷீட்ல பழுப்பா ஒரு தீய்ச்சல். போட்டோ எடுத்தேன். சிவப்புல வட்டம் போட்டேன். "வசந்தி, கண்ணு எங்க இருக்கு? பதில் சொல்லவும்"னு குரூப்ல போட்டுட்டேன். போட்டுட்டு, பெரிய நிர்வாகம் பண்ணிட்ட மாதிரி டீ வேற குடிச்சேன். எனக்கு அறிவு இருந்துச்சா சொல்லு.

அது வசந்தி போன் இல்ல, நூரு. காலாப்பட்டுல அவங்க வீட்டுக்கே அந்த ஒரு போன்தான். அது அவ புருஷன் கையில இருக்கும், இல்லன்னா மாமியார் மடியில. நம்ம ஷெட்டுல பாதிப் பேருக்கு அப்படித்தான். லோடு வந்திருக்குன்னு கூப்பிட்டா மாமியார்தான எடுக்குது, எனக்கே தெரியுமே! புருஷன் அதை நடு வீட்டுல சத்தமாப் படிச்சுக் காட்டியிருக்கான். "உன் லட்சணம் ஊருக்கே தெரிஞ்சு போச்சு"ன்னு மாமியார் குத்திக் காட்டியிருக்கு. மறுநாள் வசந்தி வரல. அதுக்கு மறுநாளும் வரல.

மத்த ஆறு பேரும் எதுக்கெடுத்தாலும் "சரி பாய்". தப்பு குறைஞ்சிடுச்சு, பயம் இருக்குன்னு நான் மீசையை முறுக்கிக்கிட்டேன். அடுத்த வாரமே கெஸ்ட் ஹவுஸ்ல இருந்து போன். "பாய், எரிஞ்ச இடம் உள்ளே போற மாதிரி மடிச்சு அனுப்புறீங்களே, இது நியாயமா?" ஒண்ணு இல்ல, மூணு பெட்ஷீட். அப்பத்தான் உறைச்சுது. தப்பு குறையல, என்கிட்ட வந்து சொல்றதுதான் நின்னு போச்சு. உன்கிட்ட அவங்களே கொண்டாந்து காட்டுவாங்களே, அந்த வழியை நான்தான் அடைச்சுட்டேன்.

அன்னைக்கு உன்னை எவ்வளவு தேடுனேன் தெரியுமா? ஒரே ஒரு போன். "இன்னா பண்றது நூரு?"ன்னு கேக்க ஆள் இல்லையே.

ஞாயித்துக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துட்டு காலாப்பட்டுக்குப் போயிட்டேன். தனியாக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டா அது கணக்குல வராது. மானம் போனது எங்கேயோ அங்கதான் கேக்கணும். புருஷன், மாமியார் ரெண்டு பேரும் இருக்கறப்ப, "நான் பண்ணது தப்பு, வசந்தி"ன்னு சொன்னேன்.

மாமியார் தாவாக்கட்டையில கை வச்சுது. "தப்பு பண்ணா முதலாளி திட்டத்தான செய்வாரு? இதுக்குப் போயி இம்மாந் தூரம் வந்துட்டீங்களா?"

"திட்டுனதுகூடப் பரவாயில்லம்மா. நாலு பேர் முன்னால திட்டுனேன் பாருங்க, அது தப்பு. உங்க மருமக மாதிரி வேலைக்காரி எனக்குக் கிடையாது."

வசந்தி நிமிந்தே பாக்கல. வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. திரும்பி வர்ற வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். அவ வரலன்னா மத்தவங்க என்னை ஜென்மத்துக்கும் நம்ப மாட்டாங்க.

திங்கக்கிழமை வந்துட்டா! வந்ததும் இஸ்திரியைப் பிடிச்சுட்டா. பதினொரு மணி இருக்கும். ஒரு பெட்ஷீட்டைத் தூக்கிட்டு நேரா என் முன்னால வந்து நின்னா. ஓரத்துல நாலணா அகலத்துக்குத் தீய்ச்சல். "பாய், இது நான் பண்ணது."

ஆறு பேர் கையும் நின்னு போச்சு. எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க. எனக்குக் கத்தல் நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டேன். "மறைக்காம சொன்ன பாரு, அது போதும். வா"ன்னு கொடிப் பக்கம் கூட்டிட்டுப் போனேன்.

அங்க போய் நின்னா, இன்னா பேசறதுன்னே தெரியல. அவகிட்டயே கேட்டுட்டேன். "நூரு இங்க வச்சு உங்ககிட்ட இன்னாதான் சொல்லுவா?"

"அக்கா ஒண்ணும் சொல்லாது பாய். மறுபடி நடக்காம இருக்க இன்னா பண்ணலாம், நீயே சொல்லுன்னு கேக்கும். நாங்க சொல்லுவோம். இஸ்திரிப் பெட்டியில சூடு வைக்கிற திருகு தேஞ்சு போச்சு பாய், அதை மாத்தணும். மூணு மாசமா சொல்லணும்னு இருந்தோம்."

"அவ்வளவுதானா?"

அவ முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. "நாங்க அழுதா மட்டும், அக்கா நீங்க கத்துற மாதிரியே கத்திக் காட்டும் பாய். கையை இப்படி ஆட்டி, கண்ணை உருட்டி... அச்சு அசலா நீங்கதான்."

சிரிச்சேன் நூரு. சிரிச்சுட்டே இருக்கறப்ப எப்ப அழ ஆரம்பிச்சேன்னு தெரியல. வசந்தி பாவம், பெட்ஷீட்டை இழுத்து என்னை மறைச்சு நின்னா.

திருகை அன்னைக்கே மாத்தியாச்சு. இனிமே எவ தப்பைக் கொண்டாந்து காட்டினாலும், முதல்ல "சொன்னியே, நல்லது"ன்னு சொல்லிட்டுத்தான் மத்த பேச்சு. திட்டுறதா இருந்தா கொடிப் பக்கம்தான். உன் மேல சத்தியமா இதை மீற மாட்டேன்.

ஏழு பேரும் பாத்திருக்காங்க, நான் மட்டும் பாக்கல. ஒரே ஒரு தடவை வந்து, நான் எப்படிக் கத்துவேன்னு எனக்கும் கத்திக் காட்டிட்டுப் போயேன்.

உன் கத்துற அண்ணன்,
ஜாபர்