ஐந்தாம் வகுப்பு, 1957

கோபிசெட்டிபாளையம்
4.1.1999

திரு. அழகிரிசாமி அவர்களுக்கு,

ரங்கநாயகி எழுதுவது. நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களோடு குடும்பம் நடத்திய வீட்டை விட்டு வந்த இந்த நான்கு வருஷத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடும். எனக்கு இப்போது சண்டைக்கு நேரமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் கலர் பிரிண்டரும் வாங்கி, வீட்டு முன்னறையில் போட்டோ அச்சடித்துக் கொடுப்பதை யாராவது சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் ஆலங்காட்டுப் புதூர் பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா வருகிறது. ஐம்பது வருஷத்து வகுப்புப் படங்களைப் பெரிதாக்கிக் கண்காட்சி வைக்கிற வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஜனவரி 26-ஆம் தேதி விழா.

அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் பொன்னாத்தாள். தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், போன தேர்தலில் ஜெயித்தார். 1957-இல் அதே பள்ளியில் ஐந்தாவது படித்தேன் என்கிறார். அவர் தெருவிலிருந்து அங்கே படித்த முதல் பெண் அவர்தானாம். ஆனால் அந்த வருஷத்துப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. விழாவில் பழைய மாணவர்களுக்குச் சால்வை போடும் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு குரூப் போட்டோ; முகம் தெரிந்தவர்களை மட்டும்தான் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அதில் கடைசி வரிசை ஓரத்தில், மற்ற பிள்ளைகளிடமிருந்து ஒரு முழம் தள்ளி, வேப்பமர நிழலில் ஒரு சிறு பெண் நிற்கிறாள். முகம் மிளகு அளவுதான்.

அதைப் பெரிதாக்கி விழாக் கமிட்டிக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டர் திரையில் கண்ணும் மூக்கும் தெளிவாகத் தெரிந்த பெண், காகிதத்தில் ஊதாவும் கறுப்புமாக ஒரு மைக்கறை ஆகிவிட்டாள். கமிட்டிச் செயலாளர் மருதாசலம், அரிசி மில் வைத்திருப்பவர், படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, இது புள்ளையா, மர நெழலா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பொன்னாத்தாள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்து அவரிடம், "தலைவருன்னு எப்படியும் மேடையில உக்காரத்தானே போறீங்க?" என்று கேட்டேன். "தலைவர் பதவி அஞ்சு வருசத்துல போயிருமுங்க. படிச்சது போகாதல்லோ" என்றார்.

தப்பு மையில்தான். ஈரோட்டில் கம்பெனி மை என்று சொல்லித்தான் கார்ட்ரிஜ் வாங்கினேன். தொட்டால் விரலில் ஒட்டுகிறது. இரண்டு தடவை பிரிண்டரையும் அடைத்துவிட்டது. தீர்ந்துபோன டப்பாவில் ஊசி போட்டு ஏதோ மையை நிரப்பி, புதுப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நீங்கள் பம்பு கம்பெனியில் இருபது வருஷமாகக் கொள்முதல் பார்க்கிறீர்கள். போலி பேரிங்கைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவீர்கள். கோயமுத்தூரில் அசல் கார்ட்ரிஜ் கறுப்பு ஒன்றும் கலர் ஒன்றும் தேடி வாங்கி அனுப்ப முடியுமா? நம்பரைத் தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்க வேறு ஆள் இல்லை.

இப்படிக்கு,
ரங்கநாயகி


பீளமேடு, கோயமுத்தூர்
10.1.1999

அன்பு ரங்கநாயகிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துபோய்விட்டேன், யாருக்கு என்ன ஆனதோ என்று. படித்து முடித்த பிறகுதான் சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு இறங்கினேன். காந்திபுரத்தில் முதல் கடைக்காரர் பெட்டியை நீட்டி, "சீல் பாருங்க, ஒரிஜினலுங்க" என்றார். பேரிங் பார்க்கிற லென்ஸைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பெட்டியில் எழுத்தின் ஓரமெல்லாம் கசிந்து இருந்தது. அசல் கம்பெனி அச்சு அப்படி இருக்காது. வைத்துவிட்டு வந்தேன். இரண்டாவது கடையில் பெட்டி சுத்தம். பிரித்துக் காட்டச் சொன்னேன், பிரித்தார். மேலே ஒட்டியிருந்த மஞ்சள் பட்டைக்குக் கீழே ஊசிமுனைத் துளை, அதன் மேல் ஒரு சொட்டுப் பசை. "என்னங்க இது?" என்றேன். "அது காத்துப் போறதுக்குங்க" என்றார். "காத்துப் போற ஓட்டையைப் பசை வெச்சு யாருங்க அடைப்பாங்க?" என்றேன். அவர் டப்பாவைப் பெட்டிக்குள் திணித்துவிட்டார். மூன்றாவது கடையில் காலாவதித் தேதியின் மேல் வேறு தேதியை ஒட்டியிருந்தார்கள்.

சனிக்கிழமை டவுன்ஹால் பக்கம் பஷீர் என்பவரின் கடைக்குப் போனேன். சின்னக் கடை. நீ எழுதிய சீட்டைப் படித்துவிட்டு, "கறுப்பு இருக்குது. கலர் இன்னைக்கு இல்லீங்க. நெறச்சது வேணுமின்னா தாரேன், ஆனா நெறச்சதுன்னு சொல்லித்தான் தருவேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருக்கலாம் என்று தோன்றியது. "போட்டோவுக்குங்க, ஒரு முகம் தெரியணும்" என்றேன். அவர் அங்கேயே சென்னைக்குப் போன் போட்டார். இன்று ஞாயிறு என்றும் பாராமல் கடையைத் திறந்து, வந்த பார்சலை என் முன்னாலேயே பிரித்தார். காற்றுப் புகாத உறை, மேலே நேராக அழுத்திய பட்டை, அடுத்த வருஷம் வரை தேதி. லென்ஸை வைத்துக் கால் மணி நேரம் பார்த்தேன். இரண்டும் அசல். இதற்கு நான் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

நாளைக் காலை கோபி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். வெயில் படாமல் அவர் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நீ உன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, நீ படம் கழுவும் அறையில் இருந்த, படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். இடத்தை அடைக்கிறது என்றேன். பொம்பளை எடுத்த படத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்றும் சொன்னேன். மூன்று நாள் ஒரு சின்ன டப்பாவுக்காக அலைந்தபோதுதான், ஒரு வேலைக்கு ஒரு சாமான் என்னவென்று எனக்குப் புரிந்தது. நான் செய்தது தப்பு, ரங்கநாயகி. நாலு வருஷம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

உன்,
அழகிரிசாமி


கோபிசெட்டிபாளையம்
27.1.1999

அன்புள்ள மாமாவுக்கு,

பார்சல் வந்ததும் இரண்டு வரி கூட எழுதவில்லை என்று கோபித்திருப்பீர்கள். பதினான்கு நாளில் நூற்று எழுபது படம் அச்சடித்தேன். பொங்கலுக்கு அடுப்புப் பற்றவைத்ததே பெரிய காரியம். இப்போது உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

கார்ட்ரிஜ் மாட்டியதும் முதலில் அச்சடித்தது அந்த 1957 படத்தைத்தான். பிரிண்டர் ஒவ்வொரு கோடாக இழுத்துக்கொண்டிருந்தது. முதலில் வேப்பிலை வந்தது, இலை இலையாக. பிறகு உச்சி வகிடு. நெற்றி. அதற்குக் கீழே இரண்டு கண். கறுப்புக்குள் எத்தனை கறுப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன் மாமா! நிழல் வேறாகவும் அவள் கன்னம் வேறாகவும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். காகிதத்தில் விரலை வைத்துத் தேய்த்தேன். ஒட்டவில்லை. தனியாக இருந்தேன், இருந்தாலும் கை தட்டினேன்.

மறுநாள் கமிட்டிக்குக் கொண்டுபோனேன். மருதாசலம் முன்னால் மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அதே படத்தில் அவரும் இருக்கிறார், முன் வரிசையில் அரை டவுசரோடு. அந்த வகுப்பில் அவரும் படித்தவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பிறகு மெதுவாக, "இந்தப் புள்ளை... மறந்தே போச்சுங்க. கணக்கு வாத்தியார் என்னைய அடிக்க வந்தா, பின்னாலிருந்து விடையைச் சொல்லுமுங்க" என்றார்.

பொன்னாத்தாள் எழுந்து நின்றார். "எட்டாம் வாய்ப்பாடுங்க. அது உங்களுக்கு வரவே வராது" என்றார்.

முதலில் சிரித்தவர் மருதாசலம்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அன்னைக்கு மர நெழலான்னு கேட்டுப்போட்டேன். மன்னிச்சுக்கணும் பொன்னாத்தா" என்றார். "பொன்னாத்தான்னு கூப்புடறீங்க பாருங், அப்பவும் அப்படித்தான் கூப்பிட்டீங்க. மத்தவங்க பேரே சொன்னதில்லீங்க" என்றார் அவர். பட்டியலை வாங்கி மருதாசலமே தன் பெயருக்கு மேலே அவர் பெயரை எழுதினார்.

நேற்றுக் கொடியேற்றிய பிறகு கண்காட்சியைத் திறந்தார்கள். வகுப்பறை நான்கையும் திறந்து, சுவர் முழுக்கப் படம். ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். பவானியிலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் பழைய மாணவர்கள் வேன் எடுத்து வந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் "இது நானு, இது நானு" என்று ஒரே சத்தம். பொன்னாத்தாளின் தெருவே திரண்டு வந்தது. அந்தப் படத்தை நடுச் சுவரில் மாட்டியிருந்தேன், கதவைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில். அவர்கள் அதன் முன்னால் நெருங்கி வந்து பார்த்தார்கள். ஒரு கிழவர், "தள்ளித்தான் நிக்க வெச்சிருக்காங்க" என்றார். பொன்னாத்தாள், "நின்னேனல்லோ" என்றார்.

மேடையில் பெயரைக் கூப்பிட்டார்கள்: "பொன்னாத்தாள், ஐந்தாம் வகுப்பு, 1957." பஞ்சாயத்துத் தலைவர் என்று சொல்லவில்லை. அவர்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார். சால்வை போட்டபோது பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் விட்டார்களே ஒரு விசில்! தலைமையாசிரியர் காதைப் பொத்திக்கொண்டார். நன்றியுரையில் என் பெயரையும் சொன்னார்கள். சபையே கை தட்டியது. பீளமேடு வரை கேட்டிருக்கும்.

நீங்கள் எழுதிய கடைசிப் பத்தியை நான்கு தடவை படித்தேன். கோபம் தோன்றவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பஷீர் அண்ணனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு கலர் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரங்கநாயகி


பீளமேடு
1.2.1999

அன்பு அம்மணிக்கு,

உன் கடிதத்தைப் பஷீரிடம் கடையில் வைத்தே படித்துக் காட்டினேன். வாய்ப்பாடு வந்த இடத்தில் அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். கடையில் இருந்த இரண்டு பேர் என்ன விஷயம் என்று கேட்க, மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். சால்வை போடும் இடம் வந்ததும் கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன், அவர்தான் வாங்கிப் படித்தார். கம்பெனியிலும் சொல்லிவிட்டேன். "என்ற சம்சாரம் போட்டோ கண்காட்சி வெச்சாங்க" என்று சொல்லும்போது எனக்கே இரண்டு அங்குலம் உயரம் கூடிவிட்டது.

எங்கள் கம்பெனி பெருந்துறை தொழிற்பேட்டையில் புது யூனிட் போடுகிறது. கொள்முதலுக்கு ஆள் கேட்டார்கள், நான் பெயர் கொடுத்திருக்கிறேன். அங்கிருந்து கோபிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். உன்னைத் திரும்பி வா என்று நான் கூப்பிடவில்லை. உன் வேலை அங்கே இருக்கிறது. நான் வந்து உன்னைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்கிறேன். வேண்டாம் என்று எழுதினாலும் கார்ட்ரிஜ் மாதாமாதம் தவறாமல் வரும்.

உன் பதிலுக்காக,
அழகிரிசாமி


கோபிசெட்டிபாளையம்
4.2.1999

அன்புள்ள மாமாவுக்கு,

வாங்க.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் பத்து மணிக்குள் வந்துவிடலாம். வேட்டி சட்டை வெள்ளையில் வேண்டாம், மை படும். சமையல் இருவருக்கும் சேர்த்துச் செய்துவைக்கிறேன், ஆனால் சாப்பிட நேரமாகும். பொன்னாத்தாள் தெருவிலிருந்து பதினேழு குடும்பம் அன்றைக்குப் படம் எடுத்துக்கொள்ள வருகிறார்கள். எல்லோரும் நடுவில் உட்காரத்தான் கேட்பார்கள். எத்தனை நாற்காலி வேண்டுமோ அத்தனையும் நீங்கள்தான் எடுத்துப் போட வேண்டும்.

அன்புடன்,
ரங்கநாயகி