இமை தாழ்ந்தவர்

1983, சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் இரவு.

கிரிவலத்துக்கு மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லோருக்கும் கண் சொருகித்தான் இருக்கும். அதில்தான் நான் ஏமாந்தேன்.

காலையில் வந்தவர் அடி அண்ணாமலை விவசாயி. மலை சுற்றிவிட்டு வந்து, களத்தில் வெறும் தரையில் படுத்திருக்கிறார். விடியலில் வயிற்றுவலி. உடம்பில் காயமில்லை, வீக்கமில்லை.

"ராத்திரி பூரா நடந்தா இப்படித்தான் இருக்கும். போய் நல்லா தூங்குங்க" என்று மாத்திரை கொடுத்தேன்.

"தூக்கம் வரலீங்க டாக்டர். கண்ணுதான் தொறக்க மாட்டேங்குது" என்றார். என்னைப் பார்க்க மோவாயைத் தூக்கிக்கொண்டார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

சாயங்காலம் கை கழுவும்போது அந்த மோவாய் நினைவுக்கு வந்தது. கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் தெரியாது. வலிக்காது, வீங்காது. வயிறு வலிக்கும், இமை விழும். அப்புறம் மூச்சு. படித்துப் பாஸ் செய்த பாடம்!

உடனே கம்பவுண்டரை ஜீப்பில் அனுப்பினேன். விஷமுறிவு மருந்து இந்த நோட்டுக்குப் பக்கத்தில் தயாராக இருக்கிறது. அடி அண்ணாமலை இங்கிருந்து நாலு மைல்தான். ஜீப் ஆறு மணிக்குப் போனது. இப்போது மணி பத்து.