நகராத பெட்டி

இன்று காலை ஃபேக்டரியில் நடைவழியை அடைத்துக்கொண்டு ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. உதைத்துத் தள்ளிவிடலாம் என்று என் கால் எழுந்துவிட்டது. உடனே உங்கள் ஞாபகம் வந்தது, சார். காலைக் கீழே வைத்தேன்.

ஆம்பூரில் எங்கள் தையல் பிரிவுக்கு நீங்கள் சூப்பர்வைசராக இருந்த ஆறு வருடமும் ஒரு பெட்டியையாவது கையால் தொட்டுப் பார்த்ததில்லை. ஓர் உதை. ஓடினால் காலி, நின்றால் சரக்கு. "கால்லயே வெயிட்டு சொல்வேன்மா" என்று பெருமை வேறு. இரும்பு மூக்கு வைத்த ஷூ தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடத்தில், நீங்கள் உதைத்ததெல்லாம் ரப்பர் செருப்புக் காலோடு.

நான் பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவள். காலிப் பெட்டி எதிர்த்து நிற்க எடையில்லாமல் விலகி ஓடுகிறது, அதனால் காலுக்கு வலிப்பதில்லை. இவ்வளவுதான் விஷயம். நீங்களோ அதை உங்கள் வீரம் என்று நினைத்துக்கொண்டீர்கள்.

அதே கால்தான் எங்கள் ஸ்டூல்களையும் உதைத்தது. "இன்னாமா, தூக்கமா?" என்று ஒருநாள் என் ஸ்டூலை உதைத்தீர்கள். மிஷின் ஊசி என் ஆள்காட்டி விரலில் இறங்கியது. நீங்கள் விரலைப் பார்க்கவில்லை. நான் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் தோலில் ரத்தம் பட்டுவிட்டதா என்று குனிந்து பார்த்தீர்கள். பக்கத்து மிஷின் பர்வீன், "வாய தொறக்காத, வேல போய்டும்" என்றாள். திறக்கவில்லை.

அடுத்த வாரம், தோல் வெட்டுகிற இரும்பு டைகளைச் சாணைக்கு அனுப்புவதற்காக ஒரு பழைய அட்டைப்பெட்டியில் போட்டு, இரண்டு பேர் மூச்சிரைக்கத் தூக்கிவந்து என் அருகே வைத்துவிட்டுப் போனார்கள். நீங்கள் வந்தீர்கள். "சார், டை இருக்குது" என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. பர்வீன் என்னைப் பார்த்தாள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி அசையவில்லை. நீங்கள் கொடுத்ததை அப்படியே உங்கள் கால் கட்டைவிரலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

"ஏம்மா, பாத்துக்கினுதானே இருந்த, சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லியே, சார்."

அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல விருப்பமில்லை. கால்விரலில் கட்டோடு திரும்பி வந்தபிறகும் நீங்கள் திருந்தவில்லை. இடது காலுக்கு மாறிக்கொண்டீர்கள்.

போன மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள் என்று சொன்னார்கள். ஊர் வாய்க்குப் பயந்து மாலையோடு வந்தேன். முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. காலைப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். வலது விரல் மட்டும் சேரவில்லை. எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. உங்கள் மகள் இன்னொரு முறை அழுத்திக் கட்டினாள். மறுபடியும் விலகிக்கொண்டது.

உங்கள் மேல் எனக்கு அன்றும் மரியாதை இல்லை, இன்றும் இல்லை. ஆனால் இன்று காலை அந்தப் பெட்டியைக் குனிந்து கையால் தள்ளிப் பார்த்தேன். கனமாக இருந்தது. "பாத்து வாங்க, வெயிட்டு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். இப்போதெல்லாம் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் மட்டும்தான் சொல்லவில்லை.