மதினி, உங்கள் பொடி வேலை செய்கிறது

என் பிரியமான மதினிக்கு,

உங்கள் பொடி வேலை செய்கிறது. இதை முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள்தான். நீங்கள் இல்லாததால் இப்படி எழுதிச் சொல்கிறேன்.

அந்தத் தாமிரப் பொடியைத் தண்ணீரில் கலந்து, கார்பன் டைஆக்சைடு வாயுவை உள்ளே விட்டு, கல்லூரி மொட்டைமாடி வெயிலில் வைத்தோம். சாயங்காலம் சோதித்தபோது மெத்தனால் இருந்தது. எரிபொருள், மதினி! வாயுவை விடாமல் இன்னொரு தடவை செய்து பார்த்தோம், வரவில்லை. அப்படியென்றால், புகையோடு வீணாகப் போகிற அந்த வாயுதான் எரிபொருளாக மாறியிருக்கிறது. ரொம்பக் கொஞ்சம்தான். ஒரு விளக்கு எரியக்கூடக் காணாது. ஆனாலும் வந்துவிட்டது. ஆய்வகமே கைதட்டியது. நான் மட்டும் குழாயடிப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

நம் வீட்டில் உங்களை என்னவெல்லாம் சொன்னார்கள்! கல்யாணமாகி வந்த பிறகும் நீங்கள் ஆராய்ச்சிக்கென்று விருதுநகர் பஸ் ஏறியதை அண்ணனால் தாங்க முடியவில்லை. "வெயில்ல பெட்ரோல் காய்ச்சுறாளாம்! ஊர்ல எல்லாரும் சிரிக்காக. விஸ்வநத்தத்துல பட்டாசுக் கம்பெனிக்கு கெமிஸ்ட் வேணுமாம். ஒழுங்கா அங்கன போ." கடைசியில் நீங்கள் பொடியை டப்பாக்களில் அடைத்து, அதே ஆய்வகத்தில் படித்துக்கொண்டிருந்த என்னிடம் கொடுத்துவிட்டு அந்தப் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போனீர்கள்.

அந்தத் தீபாவளி சீசனில் நடந்தது, உங்களோடு வேலை பார்த்த முத்துலட்சுமி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாரலில் நனைந்த வெடிமருந்து சூடாவதைப் பார்த்து, "வேலைய நிறுத்துங்க, எல்லாரும் வெளிய போங்க" என்று கத்தினீர்களாம். "லோடு இன்னைக்கே போகணும் மேடம்" என்று மேனேஜர் சொன்னாராம். நீங்களே ஒவ்வொருவராக வெளியே தள்ளியிருக்கிறீர்கள். கடைசியாகத் தள்ளியது முத்துலட்சுமி அக்காவை. நீங்கள் வெளியே வருவதற்குள் எல்லாம் வெடித்துவிட்டது.

அதே மேனேஜர் போலீசிடம் சொன்னார்: "கெமிஸ்டம்மா கலவைய தப்பாச் சொல்லிட்டாங்க." செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்? அண்ணனாவது மறுத்திருக்கலாம். கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போன பிறகு அவன் வாயே திறக்கவில்லை. கம்பெனி புதுக் கூரை போட்டுக்கொண்டு மறுபடி ஓடுகிறது.

மெத்தனால் வந்த சேதியை அண்ணனிடம் சொன்னேன். அழுவான் என்று நினைத்தேன். "அப்பிடியா? அதுல நமக்கு எதும் பங்கு வருமா?" என்று கேட்டான். இவன் பேச்சைக் கேட்டா மதினி, எல்லாவற்றையும் விட்டீர்கள்?

கட்டுரையில் உங்கள் பெயரை முதலாவதாகப் போடப் பேராசிரியர் சம்மதித்துவிட்டார். எனக்கு அது ஆறவில்லை. எங்கோ நாலு பேர் அதைப் படிப்பார்கள். இங்கே சிவகாசியில் நீங்கள் இன்னும் தப்பாகக் கலந்த கெமிஸ்ட்தான்.

அதனால் முத்துலட்சுமி அக்காவைத் தேடிப் போனேன். தீக்காயத்தில் விரல்கள் ஒட்டிப்போயிருந்தன. அன்று நடந்ததை வெடிவிபத்துக் கேசில் கோர்ட்டுக்கு வந்து சொல்வீர்களா என்று கேட்டேன்.

"சொல்லுதேன் தாயி. அந்தம்மா தள்ளலேன்னா நான் ஏது? எந்தக் கம்பெனியிலயும் இனி சேக்க மாட்டாக, அம்புட்டுதான?" என்றார். பிறகு, "கூட யாராச்சும் வருவாகளா?" என்று கேட்டார்.

நான் வருவேன் மதினி. அவர் சாட்சிக் கூண்டில் ஏறும் நாளில் பக்கத்திலேயே நிற்பேன். எதிர்ப்பக்கம் அண்ணனே நின்றாலும் நிற்பேன்.

இனி நாத்தனார் இல்லை,
உங்கள் தங்கச்சி
வசந்தி