தலைவர் நாற்காலியில் கிடந்த துண்டு

மதினி,

இன்று காலை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சொட்டுநீலம் போட்டு அலசிய என் வீட்டுக்காரரின் வெள்ளைத் துண்டை உதறியதும், அந்த வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். நீங்கள் கண்ணை மூடி ஒரு தை கழிந்துவிட்டது. இருந்தும் இந்தத் துண்டைத் தொட்டால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அழுகை அப்புறம்.

நான் பஞ்சாயத்துத் தலைவியான முதல் வருஷம் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது இந்தத் துண்டுதான். காலையில் வந்து அவர் அதை நாற்காலி முதுகில் போட்டுவிட்டால் அது அவர் இடம். ஊரே அவரைத்தான் 'தலைவரே' என்றது. தீர்மானப் புத்தகம் என் அடுப்படிக்கு வரும். குழம்பு கொதிக்கும்போதே கையைத் துடைத்துக்கொண்டு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அது தப்பென்றே எனக்குத் தோன்றவில்லை. இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் ஊர்முறையில் எனக்கு மதினி, தெற்குத்தெரு வார்டு உறுப்பினர். தேர்தலில் எனக்கு எதிராக வீடுவீடாக ஓட்டுக் கேட்டுப் போனவர். மதுரையில் பயிற்சி என்று ஒரே பஸ்ஸில் போனபோதும் பழங்காநத்தம் வரை நாம் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்தப் பயிற்சிக்கு பிஜித் தீவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், அங்கே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். "தலைவர்கள் எல்லோரும் எழுந்து நில்லுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னதுதான் தாமதம், துணைக்கு வந்து பின்வரிசையில் இருந்த புருஷன்மார்கள் எழுந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் முதல் ஆள். நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். நீங்கள்தான் என் கையைக் கிள்ளினீர்கள்.

"எந்திரி ஆத்தா. அவுக நிக்கிறாகன்னு நீ உக்காந்திருக்கியா?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. அவர்கள் ஊர்க்கூட்டத்திலும் பெண்கள் பாயின் கடைசியில்தான் உட்கார்ந்தார்களாம். "முன்னால் வா என்று யாரும் கூப்பிடவில்லை. நாங்களாகத்தான் நகர்ந்து வந்தோம்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். "கடல் தாண்டி அம்புட்டுத் தூரத்துலயும் இதே கததானா?" என்றீர்கள். திருப்பரங்குன்றம் தாண்டியதும் விஷயத்துக்கு வந்தீர்கள். "எங்க தெருவுக்கு வரவேண்டிய தண்ணித்தொட்டிய உம் புருசன் வடக்குத்தெருவுக்கு எழுதிட்டாரு. அவரு பங்காளிக அங்கதான இருக்காக. அந்தத் தீர்மானத்தக் கிராமசபையில வாசிக்கப் போறாக. அடியில உன் கையெழுத்து இருக்கு." தெற்குத்தெருப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரை அடிபம்புக்கு நடப்பதை தினமும் பார்ப்பவள் நான்.

கிராமசபை அன்று வழக்கம்போல நாற்காலியில் துண்டு கிடந்தது. அவர் உட்காரப் போகும் நேரம் நீங்கள் அதை எடுத்தீர்கள். நாலாக மடித்து, இரண்டு கையாலும் நீட்டினீர்கள்.

"அண்ணே, உங்க துண்டு. தோள்ல போட்டுக்கங்க. தலைவரு உக்காரணும்."

மரியாதையாக நீட்டியதை வாங்காமல் இருக்க முடியுமா? வாங்கிக்கொண்டு தள்ளி நின்றார். நான் உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் எனக்கே கேட்கவில்லை. ஆனாலும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டது என் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். தொட்டி தெற்குத்தெருவுக்கு என்று புதிதாக எழுதச் சொன்னேன். பெண்கள் பக்கமிருந்துதான் முதலில் கை உயர்ந்தது.

அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "தீர்மானப் புத்தகம் எங்க?" என்றார். "ஆபீஸ்ல. இனி அங்கதான் இருக்கும்" என்றேன்.

தொட்டியில் தண்ணீர் ஏறியதை நீங்கள் பார்த்தீர்கள். முதல் குடத்தை நீங்களே பிடித்தீர்கள். அந்த மட்டில் எனக்கு நிம்மதி.

அடுத்த தேர்தலில் நம் ஊர் பெண்களுக்கான ஒதுக்கீட்டிலிருந்து பொதுவுக்கு மாறுகிறதாம். துணி காயப்போட்டு முடிந்ததும் வீட்டுக்காரர் மேலே வந்தார். "பொம்பளைக்குன்னு ஒதுக்குனாக, நின்ன. இப்ப ஆம்பளைகளும் நிப்பாகளே, எப்படி?" என்றார். நேற்றே காய்ந்திருந்த இன்னொரு துண்டை எடுத்து நாலாக மடித்து, இரண்டு கையாலும் நீட்டினேன். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"வேட்புமனு குடுக்க என்னைக்குப் போகணும், தலைவரே?"