இருபத்துமூன்றாம் பக்கம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஒக்கலிபுரம் பாலத்தடியில் தண்ணீர், பஸ் முக்கால் மணி நேரம் லேட். ஆபீசில் புது உத்தரவு: அடுக்குமாடி வீடு ஒதுக்கிய பட்டியல் முழுவதும் வெள்ளிக்குள் வெப்சைட்டில் ஏற வேண்டும். பொதுமக்கள் பார்வைக்காம். நாற்பத்தொரு பக்கம். ஸ்கேன் செய்வது, ஏற்றுவது இரண்டும் நான்.

எங்கள் செக்ஷன் சார் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "முந்நூறு வேணாம் மேடம், எழுபத்தஞ்சுல வைங்க. போட்டாச்சுன்னு இருந்தா போதும்."

"எழுத்து கரைஞ்சிடும் சார். யாராலயும் படிக்க முடியாது."

"பரவால்ல."

ஸ்கேனரில் அந்த டிபிஐ எண்ணைக் குறைத்தால் ஃபைல் சின்னதாகும், எழுத்து மங்கும் என்று போன வருஷம் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். பெரிய கெட்டிக்காரி மாதிரி. என் வாயைத் தைக்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

வாங்க வேண்டியது: மிளகாய்த்தூள், சோப்பு, மகளுக்கு கிராஃப் நோட்டு. கேஸ் புக் செய்யணும்.

இருபத்துமூன்றாம் பக்கம். செல்வியின் பெயர். மேலே நீலப் பேனாவில் ஒரு கோடு. பக்கத்தில் வேறொரு பெயர், அதன் கீழே சாரின் இனிஷியல்.

செல்வி எங்கள் தெருக் கடைசியில் தகரக் கொட்டகையில் இருப்பவள். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள், மூன்று அப்பார்ட்மெண்டில் வீட்டு வேலை. வீட்டுக்கான மனுவை எழுதிக் கொடுத்ததே நான்.

மற்ற பக்கங்களையும் பார்த்தேன். மொத்தம் ஏழு பெயர் அடித்திருக்கிறது. கமிட்டியின் கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் இருப்பதால் புதிதாக டைப் அடிக்க வழியில்லை. அதனால்தான் எழுபத்தைந்து: மங்கினால் கோடும் தெரியாது, பெயரும் தெரியாது.

ஜூன் 11, புதன்

குழாயடியில் செல்வி. "அக்கா, லிஸ்ட் வந்துச்சா?"

"இன்னும் கம்ப்யூட்டர்ல ஏறலை."

"வந்தா சொல்லுங்க. பெரியவ போன்ல பாக்கக் கத்துக் குடுத்துட்டா. இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

கூசிப் போயிற்று. அவள் மேல் கோபம் வேறு, ஏன் என்னையே கேட்கிறாள் என்று. குடம் நிரம்பும் முன்பே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் கான்ட்ராக்ட் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. நீட்டிக்க சார் கையெழுத்து வேண்டும். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ மங்கலா போடலன்னா வேற ஒருத்தி போடுவா. பேசாம இரு" என்றார். இருக்கலாம்தான்.

ஜூன் 12, வியாழன்

இரண்டு விதமாகவும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன், மங்கலாக ஒன்று, தெளிவாக ஒன்று. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. ஜெராக்ஸ் அறைக்கும் சீட்டுக்கும் சும்மா நடை. ஃபைலுக்கு மூன்று தடவை பெயர் மாற்றினேன்.

எனக்கென்று லாகின் கிடையாது, கான்ட்ராக்ட் ஆளுக்குத் தரமாட்டார்கள். நான்கு வருஷமாக எல்லாமே சார் பெயரில்தான் ஏறுகிறது. அவர் பாஸ்வேர்டை நான் அடிப்பேன், ஓடிபி அவர் போனுக்கு வரும், தலை நிமிராமல் கத்துவார், அதையும் நான் அடிப்பேன்.

ஜூன் 13, வெள்ளி

வெயில். ஏற்றிவிட்டேன். தெளிவானதை.

யாருடனோ போனில் பேசியபடியே "நால்கு, எரடு, ஒந்து, ஆறு" என்று கன்னடத்தில் ஓடிபி சொன்னார். பிறகு, முடிந்ததா என்று, "ஆயிதா?"

"ஆயிது சார்."

திரையைப் பார்க்கக்கூட இல்லை. பதிவேற்றியவர் என்ற இடத்தில் அவர் பெயர். நல்லதுதான் செய்தேனா, இன்னொருத்தர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கல் எறிந்தேனா? பயமாக இருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

செல்வி வந்தாள். அந்த வரியைப் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். "அக்கா, இது என் பேருதானே? ஏன் கோடு போட்டிருக்கு?"

வீடு வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று சொன்னேன். அழவில்லை.

"யாரு அடிச்சது?"

"தெரியலை."

"அங்கதானே இருக்கீங்க."

போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். கோடு போட்ட மற்ற ஆறு பேரையும் தேடிப் போகிறாளாம், விலாசம் பட்டியலிலேயே இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

துணி. தரையை இரண்டு தடவை துடைத்தேன். சாமி விளக்கேற்றியும் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

பத்தரைக்கே கவுண்டரில் ஏழு பேர், முன்னால் செல்வி. சார் பொறுமையாகப் பேசினார். "அது கோடே இல்லம்மா. ஸ்கேனர் கண்ணாடில கீறல். நம்ம ஆபரேட்டர் கவனிக்கலை." என் பக்கம் திரும்பினார். "என்ன மேடம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செல்வியும்.

"கீறல் இல்ல சார். பேனாக் கோடு. அசல் பேப்பர்லயும் அப்படியே இருக்கு. நான்தான் ஸ்கேன் பண்ணேன், நான்தான் ஏத்துனேன்."

சார் கதவைக் காட்டினார். "நீங்க கெளம்பலாம். நாளைலருந்து வர வேணாம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் இந்தக் கிறுக்கல். ஏழு பேரும் சுற்றி நிற்கிறார்கள்.

சார் வாசலுக்கு வந்தார். பட்டியலை வெப்சைட்டிலிருந்து எடுக்க வேண்டுமாம். "மேடம், என் பாஸ்வேர்டு என்ன?"

"ஞாபகப்படுத்திச் சொல்றேன் சார்."

நான்கு வருஷம் தினமும் அடித்த பாஸ்வேர்டு. செல்வியிடம் மெதுவாகச் சொன்னேன், எல்லாரும் நாற்பத்தொரு பக்கத்தையும் டவுன்லோட் செய்துகொள்ளச் சொல் என்று. ஐந்து பேருக்கு ஆகிவிட்டது. ஆறாவது போனில் வட்டம் இன்னும் சுற்றுகிறது. சார் வாசலிலேயே நிற்கிறார்.